கையால் ஆடிய நாள்

மற்றவர்களைப் படுக்கவைப்பதில் கோர்லிஸை மிஞ்ச ஜெர்மன்டவுன் பேட்டையில் ஆளில்லை. தான் படுப்பதுதான் அவளுக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நாற்காலிகளை மடக்கி ஓரமாக அடுக்கியதும் பாய்கள் விரியும். பிலடெல்பியாவில் ஆடிப் பிழைக்கிற கறுப்பர்கள் இருபது முப்பது பேர் வருவார்கள். நடனக் குழுக்களில் ஆடுகிறவர்கள், பாட்டு வீடியோக்களில் பின்வரிசையில் நிற்கிறவர்கள், பள்ளிக்கூடங்களில் ஆடச் சொல்லிக்கொடுத்தே இடுப்பு போனவர்கள் என்று எல்லா வகையும் இருக்கும். இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தின் வேலை. உப்பு போட்ட சுடுநீரில் கால் ஊறவைக்கலாம். ஷியா வெண்ணெய் தடவி ஒருவர் பாதத்தை ஒருவர் நீவிவிடலாம். குறட்டைக்குத் தடையில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதை ஆரம்பித்தவள் கோர்லிஸ். "நம்ம உடம்பு வேலை செஞ்சா கை தட்டுவாங்க, உட்கார்ந்தா சோம்பேறிம்பாங்க. நானூறு வருஷமா இதே பாட்டுதான். அதனால படுங்க. படுக்கிறதே போராட்டம்," என்று பேருந்து நிறுத்தங்களில் நின்று பேசிப் பேசியே ஆள் சேர்த்தாள். அவள் பேச்சுக்கு மயங்கிப் படுத்தவர்கள் அநேகம்.

அவர்கள் படுத்த பிறகு அவள் ஆரம்பிப்பாள். போர்வை போதுமா என்று கேட்பாள், இஞ்சித் தேநீர் ஊற்றுவாள், விளக்கைக் குறைப்பாள், குறைத்தது அதிகமோ என்று கூட்டுவாள், கதவைச் சாத்துவாள், சாத்தினோமா என்று போய்ப் பார்ப்பாள். குட்டி போட்ட பூனை மாதிரி அந்தக் கூடத்தையே சுற்றிச் சுற்றி வருவாள்.

அன்றும் அப்படித்தான். தலையில் முக்காடோடு பாயில் கிடந்த ரஷீதா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். இருவரும் ஒரே குழுவில் ஒன்பது வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுகிறவர்கள்.

"கோர்லிஸ், நீ நடக்கிற நடையில என் போராட்டம் கலையுதுடி. வந்து படு."

"இதோ வரேன், ரெண்டு நிமிஷம்."

"மூணு வருஷமா அந்த ரெண்டு நிமிஷம் ஓடிக்கிட்டே இருக்கு."

பாய்களிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கோர்லிஸும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வெந்நீர் எடுக்கப் போனாள்.

அவளுக்குப் படுக்கப் பயம். நடந்துகொண்டே இருந்தால் இடது கால் சும்மா இருக்கும். படுத்தால் பேச ஆரம்பித்துவிடும். நான்கு வாரத்துக்கு முன், தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படக்கூடாது என்று பாலத்தைத் தாண்டி கேம்டனுக்குப் போய் ஒரு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். இரண்டு மாதம் கால் தரையில் படக்கூடாது என்றார் மருத்துவர். காலை அசையவிடாமல் பிடிக்கிற, முழங்கால் வரை வருகிற ஒரு பெரிய பூட்ஸையும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பூட்ஸ் அலமாரியில் குளிர்காலப் போர்வைக்கு அடியில் கிடக்கிறது. கோர்லிஸ் மறுநாள் காலையே ஒத்திகைக்குப் போய்விட்டாள்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அதையேதான் செய்திருப்பார்கள்.

காரணம் ஒரு எட்டு நிமிட ஆட்டம். அவர்கள் குழுவின் தலைவி வெர்டெல் அப்ஷா, இருபது வருடம் தான் மட்டுமே தனியாக ஆடி, முழங்கால் போனதும் யாருக்கும் கொடுக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டிய மாதிரி வைத்திருந்த ஆட்டம் அது. இந்த வசந்தத்தில் பன்னிரண்டு ஊர்களுக்குக் குழு போகிறது. அந்த ஆட்டத்தை கோர்லிஸ் ஆடப் போகிறாள். முப்பத்தொரு வயதில், ஒன்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு. அவளால் முடியாமல் போனால் ஆடுவதற்கென்று கூடவே கற்றுக்கொண்டிருப்பவள் ரஷீதா. அவள் உயிர்த் தோழி. அதனாலேயே அவளிடம் சொல்ல முடியவில்லை.

இதற்கெல்லாம் மூலம் தரை. குழு ஒத்திகை பார்ப்பது ஒரு பழைய காலுறை ஆலையில். கறுப்பு விரிப்பைப் பார்த்தால் ஆடுகளம் மாதிரிதான் இருக்கும். விரிப்புக்குக் கீழே வெறும் சிமென்ட். ஆடுகிற தரைக்கு அடியில் மரம் இருக்க வேண்டும், குதித்து இறங்கினால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். சிமென்ட் எதையும் வாங்கிக்கொள்ளாது, எல்லாவற்றையும் எலும்புக்கே திருப்பிக் கொடுக்கும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை குழுவின் பதினோரு பேரும் ரஷீதாவின் சமையலறையில் கூடினார்கள். வைட்டிங் மீனைப் பொரித்து, மிளகாய்ச் சாறு ஊற்றி, வெள்ளை ரொட்டியில் மடித்துத் தின்றுகொண்டே மிஸ் வெர்டெலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கேட்டது மூன்று. மரத்தரை வேண்டும். வாரம் ஒருமுறை பிசியோ வர வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை வேண்டும். கடிதத்துக்குக் கீழே ஒவ்வொருவரும் பெயர் எழுதி, எதிரே தன் உடம்பில் பட்ட அடியையும் எழுத வேண்டும் என்பது கோர்லிஸின் யோசனை.

"மறைக்காதீங்க. மறைச்சு மறைச்சுத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம். எங்க வலிக்குதோ அதை அப்படியே எழுதுங்க," என்றாள். காகிதம் கைமாறியது. ரஷீதா குதிகால் என்று எழுதினாள். லாமான்ட் என்ற நெட்டையன், குழுவின் வாயாடி, இடுப்பு, முதுகு, வலது முழங்கால் என்று எழுதிவிட்டு இடம் போதவில்லை என்று அடுத்தவர் வரியிலும் எழுதப் பார்த்தான்.

"டேய், உன் வலியோட நில்லு. என் வீட்டு வாசலுக்கு வராதே," என்று அடுத்தவள் காகிதத்தைப் பிடுங்கினாள்.

கடைசியாகக் காகிதம் கோர்லிஸிடம் வந்தது. மேஜைக்கு அடியில் அவள் கால் துள்ளிக்கொண்டே இருந்தது. எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தாள். பக்கத்தில் ரஷீதாவின் தோள் இடித்தது. 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் காகிதத்தை மடித்தாள்.

"பாருங்கப்பா, இவ இரும்பு," என்றான் லாமான்ட். ரஷீதா அவனைப் பார்க்காமலே எழுந்தாள். மீன் தட்டைக் கழுவப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மிஸ் வெர்டெல் கோர்லிஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறுபத்து நாலு வயது, முதுகு இன்னும் கோடு போட்ட மாதிரி நேர். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். கடிதம் அவர் மேஜை மேல் விரிந்து கிடந்தது.

"உட்காரு."

"பரவால்ல மிஸ் வெர்டெல், நிக்கிறேன்."

"நீ எப்பவுமே நிக்கிறவதான். சரி. இதைப் படிச்சேன். பதினோரு பேருல பத்துப் பேருக்கு அடி. ஒருத்திக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அந்த ஒருத்தி யாரு? எல்லாரையும் விட அதிகமாக் குதிக்கிறவ, எல்லாருக்கும் முன்னாடி வர்றவ. அதே தரையிலதான அவளும் ஆடுறா?"

கோர்லிஸ் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப கோளாறு தரையிலயா, ஆளுங்ககிட்டயா? நான் சொல்ல வேண்டிய பதிலை நீயே எழுதிக் குடுத்துட்ட கண்ணு." மிஸ் வெர்டெல் கண்ணாடியைக் கழற்றினார். "நமக்கு யாரு இடம் குடுத்தா? எவன் குடுத்தான்? இந்த ஆலையில எலி ஓடினப்ப நான் கூட்டிப் பெருக்கி ஆரம்பிச்சேன். சிமென்ட்ல ஆடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். நம்ம வீட்டுச் சண்டையை ஊர் பார்க்கணுமா? சனிக்கிழமை பெரிய மனுஷங்க முப்பது பேரு ஒத்திகை பார்க்க வர்றாங்க. உன்னைப் பார்க்கத்தான் வர்றாங்க."

இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டாள். உன்னைப் பார்க்கத்தான் வர்றாங்க என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. சரி மிஸ் வெர்டெல் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த நொடியில் அவள் தன்னை வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை.

வெளியே பத்துப் பேரும் காத்திருந்தார்கள்.

"முடியாதுன்னுட்டாங்க," என்றாள் கோர்லிஸ். ஏன் முடியாது என்றார்கள் என்பதை விழுங்கிவிட்டாள். தன் மேல் இருந்த கோபம் முழுவதும் குரலில் ஏறியது. "சனிக்கிழமை நாம யாரும் ஆடக்கூடாது. மார்க் பண்ணுவோம்."

மார்க் என்பது ஆட்டக்காரர்கள் தினமும் செய்கிற காரியம்தான். உடம்பை மிச்சம் பிடிப்பதற்காக, காலால் ஆட வேண்டியதைக் கையால் காட்டிவிட்டுப் போவது. குதிக்க வேண்டிய இடத்தில் விரல் ஒன்று எழும்பும், சுழல வேண்டிய இடத்தில் மணிக்கட்டு திரும்பும். ஒளி அமைக்கும்போது, இடம் பழகும்போது எல்லோரும் அப்படிச் செய்வார்கள். ஆனால் பார்க்க ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்போது மார்க் பண்ணுவது விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சட்டியை மட்டும் காட்டுகிற மாதிரி.

லாமான்ட் தாடையைத் தடவினான். "வெள்ளைக்காரன் நடத்துற குழுவா இருந்தா நேத்தே நின்னிருப்பேன். இது நம்ம ஆளு, கோர்லிஸ். நான் தெருவுல நின்னப்ப கூட்டிக்கிட்டு வந்து சோறு போட்டவங்க."

"நம்ம ஆளு போட்ட சிமென்ட்டுன்னா கால் வலிக்காதா? நான் அவங்களை அவமானப்படுத்தச் சொல்லல. இருக்கிறதைக் காட்டச் சொல்றேன். ஒருத்தர்கூட ஆடக்கூடாது. ஒருத்தர் ஆடினாலும், பாரு, முடியும்னா முடியுதுல்லன்னு சொல்லிடுவாங்க."

"உன்னால முடியுமாடி?" என்று கேட்டாள் ரஷீதா. "உன்னை அரை மணி நேரம் படுக்கவைக்க முடியல. மத்தளம் கேட்டுட்டு நீ சும்மா நிப்பியா?"

"நிப்பேன்."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. லாமான்ட்டின் கை கடைசியாக உயர்ந்தது. எல்லோரும் ஆடாமல் இருந்தால் தன் கால் அன்றைக்குத் தப்பித்துவிடும் என்று கோர்லிஸுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நியாயத்துக்காகப் பேசினோமா, காலுக்காகப் பேசினோமா என்று அவளுக்கே தெரியவில்லை. நான்கு நாளும் அது அவளை அரித்தது. பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலை நிறைந்துவிட்டது. மடக்கு நாற்காலிகளில் நல்ல கோட்டும் நல்ல தொப்பியுமாக முப்பது பேர். கறுப்பர்களும் இருந்தார்கள், வெள்ளையர்களும் இருந்தார்கள். ஓரத்தில் மத்தளக்காரர்கள் மூவர். நடுவில் இருப்பவரை எல்லோரும் பிரதர் தாட் என்பார்கள். அவருக்கு விஷயம் தெரியாது. மத்தளக்காரர்களிடம் ரகசியம் தங்காது என்பதால் கோர்லிஸ் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

முதல் அடி விழுந்தது. பதினோரு பேரும் அரைவட்டமாக நின்று கையால் ஆடத் தொடங்கினார்கள்.

அது எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பிரதர் தாட்டின் கை விழுகிற இடமெல்லாம் இவர்கள் கால் போக வேண்டிய இடம். பத்து வருடம், பதினைந்து வருடம் பழகிய கால். தொடை துடிக்கிறது, குதிகால் எழும்பப் பார்க்கிறது, அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலை மட்டும் மேலே தூக்க வேண்டும். லாமான்ட்டின் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஆடியிருந்தால்கூட அவ்வளவு வழிந்திருக்காது.

வந்தவர்களில் யாரோ ஒருவர் இதுவும் ஒரு புதுமை என்று நினைத்து மெல்லக் கைதட்டினார். பக்கத்தில் இருந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கிசுகிசுப்பு ஓடியது. பிரதர் தாட் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். மிஸ் வெர்டெல் சுவரோரம் அசையாமல் நின்றார்.

முதல் ஆட்டம் அப்படியே முடிந்தது. அடுத்தது அந்த எட்டு நிமிட ஆட்டம். கோர்லிஸ் தனியாக நடுவுக்கு வந்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஒன்பது வருடம் கனவு கண்ட ஆட்டத்தை அவள் பத்து விரலால் ஆடினாள். பாய்ச்சல் வரும் இடத்தில் உள்ளங்கை ஒன்று காற்றில் ஏறி இறங்கியது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மிஸ் வெர்டெல் காலணியைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் வந்தார்.

ஆடிக்கொண்டே வந்தார். கோர்லிஸின் எதிரே வந்து, தோளைக் குலுக்கி, கையை வீசி அவளை வெளியே அனுப்பினார். வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஆடுகிறவர் களைத்தால் இன்னொருவர் ஆடியபடி உள்ளே போய் அவரை அனுப்பிவைப்பார். யாரையும் வட்டத்தில் தனியாகச் சாகவிடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். தானாக நிறுத்துவது கேவலம். அனுப்பிவைக்க ஆள் வராதவரை மத்தளமும் நிற்காது. சின்ன வயதிலிருந்து அந்த வட்டத்திலேயே வளர்ந்தவர்கள் அவர்கள். அதை நம்பித்தான் மிஸ் வெர்டெல் உள்ளே இறங்கினார். என்னைத் தனியாக விட்டுவிடுவீர்களா, பார்க்கலாம் என்று அவர் முகமே கேட்டது.

என்ன ஆட்டம் அது! அறுபத்து நாலு வயதில் பாய்ச்சலைப் பாதியாகத்தான் பாய முடிந்தது. ஆனால் அந்தப் பாதியில் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொப்பிகள் எழுந்தன. பிரதர் தாட்டின் முகம் மலர்ந்துவிட்டது. லாமான்ட்டின் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

"லாமான்ட்!" என்று கோர்லிஸ் பல்லைக் கடித்தாள். அவன் குதிகாலை இறக்கினான். அவன் கண்ணில் தண்ணீர்.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரும் வட்டத்துக்குள் போகவில்லை. ஒவ்வொரு முறை அவர் இறங்கும்போதும் விரிப்புக்குக் கீழே சிமென்ட் தொப்பென்று சத்தம் கொடுத்தது. வலது கால் விழுகிற சத்தம் ஒன்று, இடது விழுகிற சத்தம் வேறு. தலைத்துணி நனைந்துவிட்டது. புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாவது நிமிடம் கோர்லிஸுக்குப் புரிந்தது, இவர் நிறுத்தமாட்டார். விழுவாரே தவிர நிறுத்தமாட்டார். போனால் போராட்டம் உடையும். போகாவிட்டால் இந்த மனுஷி உடைவார்.

"யாராவது போங்கடி," என்று ரஷீதா அழுகிற குரலில் சொன்னாள்.

கோர்லிஸ் போனாள். வட்டத்துக்குள் நடந்து போக முடியாது, ஆடித்தான் போக வேண்டும். மூன்றே அடி. மூன்றும் முழு அடி. முதல் அடியில் வலி இடுப்பு வரை ஏறியது. இரண்டாவதில் கண் இருட்டியது. மூன்றாவதில் காலுக்குள் ஏதோ சொடுக்கியது, மத்தளச் சத்தத்தையும் மீறி அவளுக்கு அது கேட்டது. நாற்காலிகளில் ஆரவாரம். ஆடக்கூடாது என்று சொன்னவளே ஆடிவிட்டாள் என்று வட்டத்தில் பத்து முகங்களும் தொங்கிவிட்டன. மிஸ் வெர்டெலின் முழங்கைகளை அவள் பிடித்ததும் அவர் முழு பாரமும் அவள் மேல் சாய்ந்தது. இருவரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

அதுவும் ஆட்டம் என்று நினைத்து எல்லோரும் தட்டினார்கள்.

"சிரி," என்றார் மிஸ் வெர்டெல், பல்லைக் காட்டியபடியே. "எட்டு எண்ணுறேன். எட்டுல எழுந்திருவோம்."

"என்னால முடியாது மிஸ் வெர்டெல். கால் உடைஞ்சிருக்கு."

"தெரியும். ஆறு வாரமாத் தெரியும். நீ இடது காலைத் திருடி மாதிரி வைக்கிறது எனக்குத் தெரியாதா? நான் அப்படியே பதினாலு வருஷம் ஆடினவ. எழுந்திரு. ஒண்ணு, ரெண்டு..."

கோர்லிஸ் அவரையே பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டேதானா அந்தக் காகிதத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினீங்க?"

"எழுதினது நீ. நாலு, அஞ்சு..."

எழுதினது அவள்தான். ஆறு, ஏழு என்று வந்தபோது அவள் தொடை தானாக இறுகியது. எட்டு என்றால் எழுந்தே பழகிய உடம்பு. எட்டு என்றார் மிஸ் வெர்டெல். கையை ஊன்றி எழப் பார்த்தார், முழங்கால் கேட்கவில்லை, மறுபடி உட்கார்ந்தார். கோர்லிஸ் எழவில்லை. பிரதர் தாட்டை நோக்கிக் கையைத் தூக்கி, நிறுத்துங்க என்றாள். மத்தளம் நின்றது. ஆலையில் அத்தனை அமைதியை அவள் கேட்டதே இல்லை.

அவள் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. வட்டத்தில் நின்ற தன் ஆட்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் பொய் எழுதினேன். என் பேருக்கு எதிரே ஒண்ணுமில்லைன்னு எழுதினேன். ஆறு வாரமா எலும்புல விரிசல். உங்க எல்லாரையும் மறைக்காதீங்கன்னு சொல்லிட்டு நான் மறைச்சேன். கடிதத்தை மிஸ் வெர்டெல் தள்ளினது அந்த ஒரு வரியாலதான். அதையும் உங்ககிட்ட சொல்லல." குரல் உடைந்தது. "ரஷீதா, இந்த ஆட்டம் உனக்குப் போயிடும்னு பயந்துதான் உன்கிட்ட சொல்லல."

வந்தவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மிஸ் வெர்டெல் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புன்னகை போய்விட்டிருந்தது. அது இல்லாமல் அவர் முகம் யாரோ ஒரு களைத்த பெண்பிள்ளையின் முகமாக இருந்தது.

"ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா," என்றார். "என்னாலயும் எழுந்திரிக்க முடியல."

லாமான்ட் நாற்காலியோடு ஓடி வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தான். அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நாற்காலிகளைப் பார்த்தார். "வந்தவங்க மன்னிக்கணும். என் பிள்ளைங்களுக்கு அடிபட்டிருக்கு. இன்னைக்கு ஆட்டம் கிடையாது." பிறகு லாமான்ட்டிடம் எரிச்சலோடு, "தரையைப் பத்தித் திங்கட்கிழமை பேசலாம்," என்றார்.

"திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கோமே மிஸ் வெர்டெல்," என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சரிடா. செவ்வாய்க்கிழமை."

ரஷீதா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கோர்லிஸுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கடைசியில் ரஷீதா வந்து தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"கோபமாடி?"

"கோபம்தான். என்னை என்னன்னு நினைச்ச நீ? உன் கால் உடையட்டும்னு காத்துக்கிட்டு இருக்கிறவன்னா? ஒரு வாரம் கத்துவேன், ரெண்டு வாரம் கத்துவேன், கேட்டுக்கிட்டு இருக்கணும். இப்ப காலைக் குடு."

கோர்லிஸ் காலை நீட்டினாள். ரஷீதா கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். கால் வீங்கிக் கறுத்துப் பளபளத்தது. தொட நீண்ட கை தொடாமலே நின்றது. அவள் வைதுகொண்டிருந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"இந்தக் காலோடவா ஞாயித்துக்கிழமை என் பாதத்தை நீவிவிட்ட?"

இருவரும் அந்த சிமென்ட்டில் உட்கார்ந்து, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதார்கள்.